மோட்டார் கிராணியின் உளுந்து வைத்தியம்

பிரிக்பீல்ட்ஸில் அந்தக் காலத்தில் கடவுளை நம்பாதவர்கள் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். மோட்டார் கிராணியின் கார் ஓடியதைப் பார்த்த பிறகு அவர்களும் விபூதி பூச ஆரம்பித்துவிட்டார்கள். அது ஓடுவதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

அவர் ரயில்வே சரக்குக் கொட்டகையில் கணக்கு எழுதும் கிராணி. சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. தோட்டத்துத் துரை ஒருவர் கோழி அடைத்து வைத்திருந்த காரை மலிவாக வாங்கி வந்தார். "பட்டறைக்காரன் கையில ஒரு காசு கொடுக்க மாட்டேன். மனுசன் மாட்டினதுதானே, மனுசன் கழட்டினா வராதா?" என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் காருக்கு அடியில் இரண்டு கால்கள் மட்டும் தெரியும். அவர் மனைவி அந்தக் கால்களுக்குப் பக்கத்தில் காப்பியை வைத்துவிட்டுப் போவார்.

என் அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, ஆள் நிழல்தான் தெரியும். மெட்ராஸில் கண்ணைக் கீற நாள் குறித்து மாமா எழுதியிருந்தார். கப்பலுக்குப் புறப்படும் காலையில் தண்டவாளத்தில் வெள்ளம், ரயில் இல்லை. இந்தக் கப்பலை விட்டால் அந்த நாளும் போச்சு. நான் அம்மாவோடு ஸ்டேஷன் வாசலில் திகைத்து நிற்க, மோட்டார் கிராணி வந்தார்.

"பெரியம்மாவை ஏத்து தம்பி. சுவெட்டன்ஹாம் துறைமுகம்தானே, மத்தியானத்துக்குள்ள விட்டுடறேன்."

கதவு கயிற்றால் கட்டியிருந்தது. ஏறினோம். முதல் மேட்டில் வண்டி நின்றது. மேட்டில் டாங்கி தாழ்ந்துபோய், பெட்ரோல் எஞ்சினுக்கு இறங்கவில்லையாம். அவர் பதறவே இல்லை. வண்டியைத் திருப்பிப் பின்பக்கமாகவே மேட்டில் ஏற்றினார்.

"ஏன்டா, காத்து முதுகுல அடிக்குது?" என்றார் அம்மா.

"மழைக்காத்தும்மா" என்றேன்.

பெட்டாலிங் தாண்டியதும் முன்னால் புஸ்ஸென்று ஆவி. அவர் ரேடியேட்டர் மூடியைத் துணி போட்டுத் திறந்தார். வெள்ளையாகப் பொங்கி வழிந்தது. இட்லிக் கொப்பரையைத் திறந்த வாசனை.

"என்னண்ணே இது?"

"உளுந்து. கொத்தனாருங்க சுண்ணாம்புல உளுந்தரைச்சுச் சேப்பாங்கல்ல, கல்லு மாதிரி பிடிக்கும். நேத்து இதுல இருந்த ஓட்டையை அதால அடைச்சேன். மிஞ்சின உளுந்து மாவை உள்ளேயும் ஊத்தினேன்."

"ராத்திரி பூரா புளிச்சிருக்குமேண்ணே."

அவர் குனிந்து முகர்ந்து பார்த்தார். "அதை நான் நினைக்கல."

கப்பலை விட்டுவிடுவோம் என்று எனக்குப் பயம். அவரோ ரேடியேட்டரைக் கழற்றி, தென்னை ஈர்க்கால் ஒவ்வொரு குழாயாகக் குத்தி, கால்வாய்த் தண்ணீரில் அலசினார். கழற்றும்போது ரப்பர் குழாய் கிழிந்தது. பக்கத்துத் தோட்டத்தில் பால் எடுத்துக்கொண்டிருந்த அக்காவிடம் ஒரு கோப்பை ரப்பர் பால் கேட்டு வாங்கினார். வேட்டியின் ஓரத்தைக் கிழித்துப் பாலில் நனைத்து, குழாயின் மேல் சுற்றினார். போதவில்லை. இன்னும் கிழித்தார். அது இறுகுவதற்குள் வேட்டி முழங்காலுக்கு ஏறிவிட்டது. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பயம் போய்விட்டது.

"பாத்தியா தம்பி, உளுந்து வெளிப்பூச்சு அசையல" என்றார், மாட்டும்போது.

துறைமுகத்தை அடைந்தபோது கப்பலின் ஏணியை எடுக்கத் தயாராக நின்றார்கள். அம்மாவைத் தூக்காத குறையாக ஏற்றினோம். கப்பல் நகர்ந்ததும் திரும்பிப் பார்த்தேன். கரையில் காருக்கு அடியில் இரண்டு கால்கள்.

மூன்று மாதம் கழித்துத் திரும்பினோம். கெட்டிக் கண்ணாடி போட்ட அம்மா, முதல் வேலையாகக் கிராணியின் வீட்டுக்கு வந்து காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இதுலயாடா என்னைக் கூட்டிட்டுப் போன? கண்ணு தெரிஞ்சிருந்தா செத்தாலும் ஏறியிருக்க மாட்டேன்."

காருக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "பெரியம்மா வந்துட்டீங்களா? கோயிலுக்குப் போகணுமா? ரெண்டு நிமிசம், விட்டுடறேன்."

அம்மா கதவுக் கயிற்றைத் தானே அவிழ்த்து, ஏறி உட்கார்ந்துகொண்டார்.