தினம் ஒரு சிட்டிகை சோயா

என் மகளின் மூச்சு அன்று விசிலடித்தது. கேட்டது எண்பத்தொன்பதாம் வருஷம். இன்றும் பக்கத்து வீட்டுக் குக்கர் கூவினால் எழுந்து ஓடுகிறேன். ராமுத்தாய்க்கு அப்போது ஐந்து வயது. மீல்மேக்கர் குழம்பில் இரண்டு சோயா உருண்டைதான் தின்றாள். உதடு வீங்கி, முகம் நீலம் பாய்ந்துவிட்டது.

"சோயா இனி நாக்கில் படக்கூடாது. அடுத்த முறை பிழைப்பது கஷ்டம்" என்றார் கோயம்புத்தூர் டாக்டர்.

என் வீட்டுக்காரர் சாமியப்பன், பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். துணியைத் தவிர உலகத்தில் வேறு பொருள் இருப்பதாக அவர் நம்பியதில்லை.

"ஏனுங்க, டாக்டர் சொன்னது காதுல உழுந்துச்சுங்களா?"

"புதுத்துணி மொதத் தடவை நனைஞ்சா சுருங்கத்தான் செய்யும், சாரதா. நாலு தடவை நனைச்சுட்டா அப்புறம் சுருங்குமா?"

"அவ துணி இல்லீங்க. உசுரு."

"அதெல்லாம் ஒண்ணுதான் போ. நாளையிலிருந்து பாப்பாவுக்குக் கூழ் நான் கரைக்கறேன்."

கல்யாணமான நாளிலிருந்து ஒரு டம்ளர் கழுவாத மனிதர்! நானும் அதே கம்பெனியில் செக்கிங் பார்த்தவள். ஓட்டை எங்கே என்று கண் தானாகத் தேடும். அன்று ராத்திரியே சிக்கியது, பரண்மேல் புது டப்பா. உள்ளே சோயா மாவு.

கொட்டிவிட்டால் இன்னொன்று வாங்கி வருவார், இன்னும் நன்றாக ஒளிப்பார். அதனால் மாவை மட்டும் குழி தோண்டிப் புதைத்தேன். டப்பாவைத் தேய்த்துக் கழுவி, பொட்டுக்கடலை மாவை நிரப்பி, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

நாற்பது நாள் அவர் ரகசியமாகச் சிட்டிகை போட்டார். நாற்பது நாளும் நான் அவருக்கு முன்னே எழுந்து, மாவு மாறியிருக்கிறதா என்று டப்பாவை முகர்ந்தேன். பிள்ளை கொழுகொழுவென்று ஆனாள். அவர் மீசையும்தான்.

பொங்கலூரில் அவர் அக்கா பழனியம்மாள் வீட்டு விருந்து. மீல்மேக்கர் குழம்பு வாளி வந்தது. என் வீட்டுக்காரர் பந்தி நடுவே எழுந்து நின்றார்.

"அக்கா, பாப்பாவுக்கு ஊத்து! நாப்பது நாளா சோயா மாவு குடுத்துச் சுருக்கம் எடுத்தாச்சு!"

கரண்டி சாய்வதற்குள் மகளின் இலையை மடித்தேன்.

"அது பொட்டுக்கடலை மாவுங்க."

"ஏன்டா தம்பி, நாப்பது நாளா புள்ளைக்குச் சட்னியா ஊட்டுன?"

பந்தியே சிரித்தது. ராமுத்தாய் மட்டும் சிரிக்கவில்லை. அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் தொண்ணூற்றெட்டாம் வருஷம் இறந்தார். அதுவரை அந்தக் கையால் ஒரு வாய்கூட அவள் வாங்கித் தின்னவில்லை.