மலையேறிய மௌனசாமி

இந்தத் தடவை விட்டுக்கொடுப்பதே இல்லை என்று கண்ணாடிக்கடைக்காரர் தீர்மானித்தார். அவர் தீர்மானித்துக்கொண்டிருந்தபோது அவர் மனைவி பாஸ்போர்ட் போட்டோவுக்காகத் தலை வாரிக்கொண்டிருந்தாள். தீர்மானம் வழக்கம்போல் கொஞ்சம் தாமதம்.

“நானும் அவளும் போறோம். கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு தீவு. அங்க மலை மேல பழைய கோயில் ஒண்ணு இருக்கு. அடிவாரத்துலேர்ந்து நடந்தே போகணும். நாலஞ்சு நாள் ஆகும்.”

“அப்போ நான் எப்படிச் சாப்பிடறது?”

“வாயாலதான்.”

“சமைக்கிறது?”

“அது கையால.”

‘அவள்’ என்றால் அந்த வீட்டில் ஒரே ஒருத்திதான். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். மனைவி ஐம்பதை நெருங்கும்போது கார் ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டாள். முதலில் கண்ணாடிக்கடைக்காரரே வாத்தியாராக உட்கார்ந்தார். வண்டி கேட்டைத் தாண்டவில்லை. அதற்குள் அவர் வாயிலிருந்து வந்த உத்தரவுகளை வைத்து ஒரு ராணுவத்தையே நடத்தியிருக்கலாம். மனைவி சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அடுத்த வாரம் டிரைவிங் ஸ்கூல். ஓட்டவும் வந்துவிட்டது, கூடவே சிநேகிதியும் வந்துவிட்டாள். அந்தச் சிநேகிதிக்கு அவர் மனதுக்குள் வைத்த பெயர் கிளட்ச். பிடித்தால் விடமாட்டாள் என்ற அர்த்தத்தில்.

பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பில் வேலை பார்த்துவிட்டு மனைவி நேராக வீட்டுக்கு வந்த காலம் போயிற்று. இப்போது கிளட்ச்சோடு கோயிலுக்குப் போய்க் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டு, அப்புறம் கண்ணைத் திறந்து உலகத்தையே பேசி முடித்துவிட்டுத்தான் வருவாள். வந்த பிறகு போன். “சொல்லுடி.” “போடி லூசு.” அப்புறம் ஒரு சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்கிற சிரிப்பு. அந்தக் கண்ணாடியைச் செய்து கொடுத்தது இவர். சிரிக்க வைப்பது வேறு ஒருத்தி.

“என்ன சிரிப்பு?”

“ஒண்ணுமில்லைங்க.”

தன்னை ஒரு தடவை லூசு என்று சொல்லியிருந்தால்கூட அவர் ஆறுதல் அடைந்திருப்பார்.

அவர் கெட்டவர் இல்லை. பேச்சு கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். கடையில் கண் பரிசோதனைக்கு வருகிறவர்களைப் படிக்கவே விடமாட்டார். “கடைசி வரி தெரியுதா? தெரியாது. முந்தின வரி? அது மங்கலா இருக்கும். அதுல ரெண்டாவது எழுத்தை வட்டம்னு நினைப்பீங்க, அது வட்டம் இல்லை.” பரிசோதனை முடிந்துவிடும். வந்தவர் வாயே திறந்திருக்க மாட்டார். வீட்டிலும் அப்படித்தான். மனைவி பாதி வாக்கியம் சொன்னால், மீதியை அவர் சொல்லி முடித்துவிடுவார். அது அன்பு என்று அவர் நினைத்திருந்தார்.

பயணத்தைத் தடுக்க முடியாது என்று தெரிந்ததும் திட்டத்தை மாற்றினார். தடுக்க முடியாவிட்டால் நடுவில் போய் நின்றுகொள்ள வேண்டியதுதான். அதற்குப் பக்தி வேண்டும். அவருக்கும் கடவுளுக்கும் அதுவரை சண்டையும் இல்லை, பேச்சுவார்த்தையும் இல்லை. மறுநாள் காலையில் குளித்துவிட்டு விளக்குக்கு முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டார்.

“என்னங்க இது?”

“தியானம்.”

“குறட்டை சத்தம் கேட்டுச்சே?”

“ஆழ்ந்த தியானம்.”

ஒரு வாரம் இப்படி ஆழ்ந்தார். எட்டாம் நாள் கிளட்ச் வீட்டுக்கு வந்திருந்தபோது, தொண்டையைக் கனைத்துக்கொண்டு அறிவித்தார்: “அந்த மலை என்னைக் கூப்பிடுது.”

இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மனைவி சமையலறைக்குள் போனாள். பின்னாலேயே கிளட்ச்சும் போனாள். குசுகுசு. திரும்பி வந்தபோது கிளட்ச் முகத்தில் ஒரு கவலை.

“தாராளமா வாங்கண்ணா. ஒரே ஒரு சிக்கல். முதல் தடவை வர்ற ஆம்பளைங்க அடிவாரத்துலேர்ந்து உச்சியில சாமியைக் கும்பிடற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாதாம். மௌன விரதம். பேசிட்டா கூட வர்றவங்க வேண்டுதலும் சேர்ந்து கெட்டுப்போயிடுமாம்.”

“அதென்ன ஆம்பளைங்களுக்கு மட்டும்?”

“பொம்பளைங்களால முடியாதுன்னு சாமிக்கே தெரியும் போலிருக்கு.”

அந்தப் பதில் அவருக்குப் பிடித்துப்போயிற்று. நியாயமாகவும் பட்டது.

“உங்களால முடியாதுங்க,” என்றாள் மனைவி.

“ஏன் முடியாது?”

“பாருங்க, இப்பவே பேசறீங்க.”

முடியும் என்று நிரூபிப்பதற்காகவே அவர் டிக்கெட் எடுத்தார்.

தீவில் இறங்கி, அடிவாரத்துச் சத்திரத்தில் ஒருநாள் தங்கி, காலையில் நடக்க ஆரம்பித்தார்கள். ஒத்தையடிப் பாதை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் கடல். முதல் ஒரு மணி நேரத்திலேயே விரதத்தின் முழு ஆழம் அவருக்குப் புரிந்தது. பேசக்கூடாது என்பது பெரிய கஷ்டம் இல்லை. கேட்க வேண்டியிருந்தது, அதுதான் கஷ்டம். இருவரும் அவரைப் பற்றியே பேசிக்கொண்டு போனார்கள், அவரை வைத்துக்கொண்டே.

“கல்யாணமான புதுசுல இவர் எப்படிடி?”

“அதை ஏன் கேட்கறே! முதல் முதலா படகு சவாரி கூட்டிட்டுப் போனார். நடுத்தண்ணியில தலை சுத்தி என் கைப்பையிலயே வாந்தி எடுத்துட்டார்.”

பொய்! வாந்தி எடுத்தது வாஸ்தவம். ஆனால் அது கைப்பை இல்லை, பிளாஸ்டிக் கூடை. கண்ணாடிக்கடைக்காரர் காற்றில் கூடை வரைந்து காட்டினார். வயிற்றைத் தொட்டார். தலையை ஆட்டினார்.

“பசிக்குதுன்னு சொல்றாரு போல,” என்று கிளட்ச் ஒரு பிஸ்கட் கொடுத்தாள்.

பின்னால் வந்த இன்னொரு யாத்திரைக் கூட்டம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தது. அதற்குத் தலைவி வேற்று நாட்டுக்காரி, ஓய்வு பெற்ற நர்ஸ். அவள் கிளட்ச்சிடம் ஏதோ விசாரித்தாள். கிளட்ச்சுக்கு அந்த மொழி அரைகுறை. உதட்டில் விரலை வைத்து, அவரைக் காட்டி, வானத்தைக் காட்டி, ஒரு பெருமூச்சு விட்டாள். நர்ஸம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து கண்ணாடிக்கடைக்காரருக்கு ராஜ உபசாரம். கம்பளிக் காலுறை, உலர்ந்த பழம், வழிச் சத்திரங்களில் ஜன்னலோரக் கட்டில். சாயங்காலம் அந்தக் கூட்டம் அவரைச் சுற்றி நின்று, அவர் தொண்டையைப் பார்த்தபடி மனமுருகி வேண்டிக்கொண்டது. பேச்சு வராதவர் என்று நினைத்துவிட்டார்கள் என்று அவருக்கு விளங்கியது. இல்லை என்று சொல்ல வேண்டுமானால் பேச வேண்டும். பேசினால் விரதம் போகும். விரதம் போனால் மனைவியின் வேண்டுதல் போகும். தலை குனிந்து பழத்தைத் தின்றார்.

பழம் இறங்கியது. பொறாமை இறங்கவில்லை. ஓடை ஒன்றைக் கடக்கும்போது மனைவிக்குக் கால் வழுக்கியது. இவர் கையை நீட்டுவதற்குள் கிளட்ச் பிடித்துவிட்டாள். இருவரும் தண்ணீரில் உட்கார்ந்து சிரித்தார்கள். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் தலையைச் சொறிந்துகொண்டார். மறுநாள் மனைவியின் குதிகாலில் கொப்புளம். கிளட்ச் மண்ணில் மண்டியிட்டு, அந்தக் காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, பஞ்சு சுற்றிக் கட்டினாள். அந்தக் காலுக்கு என்ன செருப்பு அளவு என்று அவரைக் கேட்டால் தெரியாது. கண்ணின் பவர் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார்.

வழியில் கல் மாடம் ஒன்றில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இரண்டு பெண்களும் கையைக் கோத்துக்கொண்டு அதன் முன்னால் நின்றார்கள். மனைவியின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. கிளட்ச் ஏன் என்று கேட்கவில்லை. கேட்காததுதான் அவரைச் சுட்டது. கேட்கவில்லை என்றால் தெரியும் என்று அர்த்தம். இவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாதா? என் மனைவி எதற்கு அழுகிறாள் என்று ஒரு டிரைவிங் ஸ்கூல்காரிக்குத் தெரியும், எனக்குத் தெரியாது! நாக்கு நுனி வரை வந்த கேள்வியைக் கம்பளிக் காலுறையால் வாயைப் பொத்தி அடக்கினார்.

கடைசி நாள் மத்தியானம் உச்சியை அடைந்தார்கள். கோயில் வாசலுக்குப் போகும் கல்படிகளில் கூட்டம் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. நர்ஸம்மாவின் ஆட்கள் ரொட்டி பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள். மனைவியும் சிநேகிதியும் ஒரு படியில் உட்கார்ந்தார்கள். இவர் ஒரு படி கீழே உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார்.

மனைவி பேச ஆரம்பித்தாள். சிநேகிதியிடம்தான். ஆனால் குரல் கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

“அந்த ஆஸ்பத்திரி ரூம் ஞாபகம் இருக்காடி? மார்ல கட்டி இருக்கு, சோதிச்சுத்தான் பார்க்கணும்னு சொன்னாங்களே. ஏசி குளிர்ல நடுங்கிட்டு இருந்தேன். நீ உன் சால்வையைக் கழட்டிப் போர்த்தி விட்டே.”

“ம்.”

“முடிவு வர்ற வரைக்கும் தினமும் காலையில இவருக்குக் காபியைக் குடுத்துட்டு, இன்னிக்கு சொல்லிடணும்னு நிப்பேன். ‘என்னங்க, ஒரு விஷயம்’னு ஆரம்பிப்பேன். ‘கேஸ் தீர்ந்துடுச்சு, அதானே?’ன்னுவார். ஆமாங்கன்னுடுவேன். அடுத்த நாள் ஆரம்பிப்பேன். ‘உங்க அண்ணன் வர்றார், அதானே?’ன்னுவார். ஆமாங்கன்னுடுவேன். அந்த மாசம் தீராத கேஸுக்கு ரெண்டு சிலிண்டர் வந்து இறங்குச்சுடி.”

கண்ணாடிக்கடைக்காரர் எழுந்து நின்றார். ஒரு காலில் ஷூ இருந்தது, மறு ஷூ கையில் இருந்தது. நாள்கணக்கில் பூட்டிக் கிடந்த தொண்டை துருப்பிடித்த கேட் மாதிரி திறந்தது.

“எப்போ?”

படிக்கட்டே திரும்பிப் பார்த்தது.

“எப்போ நடந்துச்சு இது? இப்போ எப்படி இருக்கே? என்ன சொன்னாங்க? ஐயோ, வாயைத் திறந்து சொல்லேன்!”

“ஒண்ணுமில்லைங்க. வெறும் கொழுப்புக் கட்டின்னு சொல்லிட்டாங்க. பயப்பட எதுவும் இல்லையாம். அதுக்குத்தான் இந்த வேண்டுதலே.”

அவர் படியில் சரிந்து உட்கார்ந்து, ஷூவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதார். அதே சமயம் நர்ஸம்மா கையிலிருந்த ரொட்டி கீழே விழுந்தது. அவள் போட்ட கூச்சலில் மலைப் புறாக்கள் பறந்தன. பேச்சு வந்துவிட்டது! கூட்டமே வேண்டிக்கொண்ட மனிதனுக்குப் பேச்சு வந்துவிட்டது! நாலு பக்கமிருந்தும் ஓடி வந்தார்கள். தூக்கினார்கள். பூவைக் கொட்டினார்கள்.

“விடுங்கய்யா! நான் என் பொண்டாட்டிகிட்ட பேசணும்!” என்று அவர் கத்தினார். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. கத்தக் கத்த உற்சாகம்தான் கூடியது. பூசாரி வந்து தொண்டையைத் தொட்டுப் பார்த்தார். கண்ணாடிக்கடைக்காரர் கையில் கோயில் மணிக்கயிற்றைக் கொடுத்தார்கள். ஒற்றை ஷூவோடு மணி அடித்தார்.

முதலில் என்ன சொன்னார் என்று நர்ஸம்மா கேட்டாள். ‘எப்போ’ என்று கேட்டதாக கிளட்ச் உள்ளதை உள்ளபடி சொன்னாள். பேச்சு எப்போது வரும் என்று இறைவனைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான் பாவம் என்று அந்தக் கூட்டம் இன்னொரு தடவை அழுதது.

இறங்க மட்டும் மலைக்கு மறுபக்கம் பஸ் இருந்தது. மனைவிக்குப் பக்கத்தில் அவர் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் யோசித்தார். கிளட்ச் ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தவள். அவளுக்கு நடந்ததெல்லாம் தெரியும். தெரிந்தவளிடம் எதற்கு ஆதியோடந்தமாகச் சொல்ல வேண்டும்?

முன் சீட்டுக்குக் குனிந்தார். “ஏம்மா, அந்த மௌன விரதம்...”

கிளட்ச் திரும்பவில்லை. “அப்படி ஒண்ணும் இல்லைண்ணா.”

“நான்தான் சொல்லச் சொன்னேன்,” என்றாள் மனைவி. “உங்க பக்தி என்னன்னு எனக்குத் தெரியாதா? எப்படியும் வரத்தான் போறீங்க. நான் சொல்றதை நீங்க ஒரு தடவையாவது கடைசி வரைக்கும் கேட்கணும்னு இருந்துச்சு.”

அவர் எதையோ சொல்ல வாயெடுத்தார். மூடிக்கொண்டார். கொஞ்சம் கழித்து முன் சீட்டைப் பார்த்து, “அந்தச் சால்வைக்கு... ரொம்ப தேங்க்ஸ்மா,” என்றார். அவளிடம் அவர் மனதாரச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. முன்பு சிரிப்பின் மேல் இருந்தது, இப்போது சால்வையின் மேல் வந்து உட்கார்ந்தது. போர்த்தியது தன் கை இல்லையே.

ஊர் திரும்பிச் சில மாதம் ஆயிற்று. கடையில் இப்போது வந்தவர்களே எழுத்தைப் படிக்கிறார்கள். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளட்ச் வந்திருந்தாள். மேஜை மேல் வரைபடத்தை விரித்து வைத்து இருவரும் இன்னொரு நாட்டில் இன்னொரு மலையைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக்கடைக்காரர் வாசற்படியில் நின்று, அவர்கள் முழுசாகப் பேசி முடிக்கும் வரை பொறுத்தார். பிறகு, தான் எவ்வளவு திருந்திவிட்டோம் என்ற பெருமையோடு சொன்னார்:

“இந்தத் தடவை பொய் விரதமெல்லாம் வேண்டாம். நானே பேசாம உங்ககூட வந்துடறேன்.”

மனைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். சிநேகிதியைப் பார்த்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

“வேணாங்க,” என்றாள். “நீங்க பேசாம கடையைப் பாருங்க.”