கம்பளி போர்த்திய ட்யூபா

தம்பாச்,
சனிக்கிழமை, பகல் இரண்டு மணி.

என் மரியாதைக்கும் பயத்துக்கும் உரிய கடேன்யி அக்காவுக்கு, உடன்பிறந்த தம்பி எலிஃபாஸ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் நானும் நம் சபை பேண்டின் மற்ற பன்னிரண்டு பேரும் இங்கே சுகம். உன் முழங்கால் வலி, சோளம், கோழிகள் எல்லாம் எப்படி? அக்கா, உட்கார்ந்துகொண்டு மேலே படி. உன் மகன் ஜோதம் உயிரோடு இருக்கிறான். இப்போது என் எதிரே மூன்றாவது தட்டு பிலாவ் சாப்பிடுகிறான். இன்று மாலை ஏழு மணிக்கு ரேடியோவில் சாவு அறிவிப்பு வாசிக்கும்போது அவன் பெயர் வரும். நம்பாதே. முக்கியமாக, துக்கத்துக்கு வருகிறவர்களுக்கு என்று அந்தச் சிவப்புச் சேவலை அறுத்துவிடாதே.

ஃபோனில் சொல்லித் தொலைப்பதுதானே என்பாய். என் நம்பரைப் போன கிறிஸ்துமஸ் சண்டையிலேயே வராதபடி பண்ணிவிட்டாய். தெரியாத நம்பர் என்றால் திருடன் என்று எடுக்கவே மாட்டாய். ஏழு பேர் ஃபோனிலிருந்து அடித்துப் பார்த்துவிட்டோம். ஜோதமின் ஃபோன் எங்கே என்று கேட்காதே, அதற்குத்தான் வருகிறேன்.

முதலில் ஒரு பொய்யைத் திருத்த வேண்டும். சபை வேனில் போகிறோம் என்று சொன்னேனே, அந்த வேன் ஈஸ்டருக்கே படுத்துவிட்டது. ஐந்து நாளாக ஏழு பைக்கில் மலை மலையாக ஏறி இறங்கி வாசித்துக்கொண்டிருக்கிறோம். "அவன் ஊதட்டும், ஆடட்டும், ஆனா அந்தச் சனியன் பைக்குல மட்டும் ஏத்தாதே. நான் சாகுற வரைக்கும் அதுல கால வைக்க மாட்டேன், என் பிள்ளையும் வைக்கக் கூடாது" என்று நீ சொன்னது காதிலேயே இருக்கிறது. ஆனால் ஜோதம் ஓட்டவில்லை, பின்னால்தான் உட்கார்ந்தான், பைபிள் மேல் சத்தியம். வேகமும் கிடையாது, ஒரு மாடு எங்களை முந்திக்கொண்டு போனது. இன்று காலை ஈட்டெனிலிருந்து தம்பாச்சுக்கு ஒரு கல்யாணத்தில் வாசிக்க இறங்கினோம். ஒரு வளைவில் நிறுத்திப் பார்த்தால், அடேயப்பா, பள்ளத்தாக்கு முழுசும் காலடியில் திறந்து கிடக்கிறது, மேகம் நமக்குக் கீழே போகிறது. அக்காவுக்குக் காட்டணுமே என்று ஜோதமின் ஃபோனை வாங்கிப் படம் எடுக்கக் கையை நீட்டினேன். கை திரும்பி வந்தது, ஃபோன் வரவில்லை.

அடுத்த வளைவில் மூடுபனி. என் பைக்கின் பின்விளக்கும் எரியவில்லை. பின்னால் வரும் லாரி ஏறிவிடுமோ என்று எனக்குப் பயம். வண்டி பழுதானால் கிளை ஒடித்து வைப்பது நம் வழக்கம்தானே, நானும் ஒடித்துப் பின்னால் கட்டினேன். அதைப் பார்த்து மற்ற ஆறு பைக்காரர்களுக்கும் பயம் தொற்றிக்கொண்டது; ஆளுக்கொரு கிளை. பகலிலேயே முன்விளக்கையும் போட்டோம். தூறல் வேறு, அதனால் ஜோதம் ஊதும் அந்த ஆள் பருமன் பித்தளை வாத்தியத்தை, ட்யூபாவை, அவனுடைய பள்ளிக்கூடக் கம்பளியால் முழுக்கச் சுற்றி என் பின்சீட்டில் கட்டியிருந்தேன். இலை, விளக்கு, போர்த்திய மூட்டை, ஆமை வேகம். சாவு வண்டிக்கும் இலைக்கிளைதானே கட்டுவார்கள், சாவு ஊர்வலம் வேறெப்படி இருக்கும், நீயே சொல்லு? எனக்குத்தான் தோணவே இல்லை. வழியில் பைக் ஸ்டாண்டில் நின்றவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். நம் பேண்டின் புகழ் இங்கே வரைக்கும் வந்துவிட்டதே என்று நான் ராஜா மாதிரி கையை ஆட்டினேன். செத்துப்போன பைக்காரனை மற்ற பைக்காரர்கள் கூடவே வந்து வழியனுப்புவார்கள் இல்லையா, அப்படி ஹாரன் அடித்துக்கொண்டு பின்னால் சேர்ந்துவிட்டார்கள். தம்பாச் வந்தபோது நாற்பது பைக். கல்யாண வீட்டுப் பெண்கள் குலவையிட்டுக்கொண்டு ஓடி வந்து, எங்களைப் பார்த்ததும் பாதியில் நிறுத்தினார்கள். மாப்பிள்ளையின் சித்தி ஓவென்று அழ ஆரம்பித்தாள். யாருக்காக என்று அவளுக்கே தெரியாது.

இந்த ஊர் பைக்காரர்களின் தலைவன் கிமோசோப் என் தோளைப் பிடித்துக்கொண்டான். "அழுதுடுங்க பெரியவரே, உள்ள வச்சுக்காதீங்க. ரேடியோவுக்கு நானே சொல்லிட்டேன்."

"என்னத்தைய்யா சொன்னே?"

"அதான் கம்பளியிலேயே தைச்சிருக்கே. பேரு ஜோதம் சாகலா, அம்மா பேரு கடேன்யி, ஊரு ம்பாலே. ஏழு மணிக்கு வாசிச்சிடுவாங்க. பாவம், பெத்தவங்க எவ்வளவு அழகா தைச்சிருக்காங்க!"

ஹாஸ்டலில் கம்பளி திருட்டுப் போகிறது என்று நீ தைத்தாயே, அதேதான். அதற்குள் ஜோதம் வந்து மூட்டையை அவிழ்த்து ட்யூபாவை ஒரு ஊது ஊதினான். நாற்பது பேரில் முப்பது பேர் பைக்கைப் போட்டுவிட்டு ஓடினார்கள். கிமோசோப் ஓடவில்லை, என் சட்டையைப் பிடித்தான். "இவன் சாகலைன்னா எதுக்குய்யா எங்களைப் பாத்துக் கையாட்டுனே?" பிறகு அவனே பாவம் ரேடியோவுக்கு அடித்து அடித்துப் பார்த்தான். யாரும் எடுக்கவில்லை.

அக்கா, அப்பா செத்த செய்தி வந்த அன்று நீ அடுப்பங்கரையில் எப்படி விழுந்தாய் என்று பார்த்தவன் நான். அது மறுபடியும் நடக்கக் கூடாது. ஒரு நிமிஷம்கூட நீ இதை நம்பக் கூடாது. அதனால்தான் இந்தக் கடிதத்தை மத்தாத்து வேன் டிரைவரிடம் கொடுத்து, ஏழு மணிக்கு முன்னால் உன் கையில் சேர்க்கச் சொல்கிறேன். கர்த்தர் உன் முழங்காலையும் உன் கோபத்தையும் தணிப்பாராக.

உன் அடிக்குப் பயந்த தம்பி,
எலிஃபாஸ்

பி.கு.: மணி ஐந்தரை. ஆள் நிறையாமல் வேன் இன்னும் இங்கேயேதான் நிற்கிறது. ரேடியோக்காரர்கள் பகல் பன்னிரண்டரைக்கே, உடல் தம்பாச்சில் இருக்கிறது என்று சேர்த்து, வாசித்துவிட்டார்களாம். எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஈட்டென் பக்கத்திலிருந்து ஒரு பைக் பறந்து வந்தது. பின்சீட்டில் ஒரு பொம்பளை, தலைத்துணி இல்லை, ஒரு கால் செருப்பும் இல்லை, "வேகமாப் போடா, ஏண்டா மாடு மாதிரி உருட்டுறே!" என்று ஓட்டுகிறவன் முதுகில் குத்திக்கொண்டு. நீதான் அக்கா. ஜோதமின் முகத்தைத் தடவினாய், காதைத் திருகிப் பார்த்தாய், அந்தக் கம்பளியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாய். எனக்கும் அழுகை வந்துவிட்டது. இப்போது "எங்கடா அந்த எலிஃபாஸ்?" என்று கேட்பது நன்றாகவே கேட்கிறது. நான் பிலாவ் அண்டாவுக்குப் பின்னால் இருக்கிறேன். இந்தக் கடிதம் ஜோதம் கையில் வருகிறது. பைபிள் மேல் சத்தியம் என்ற வரியை அடித்துவிட்டுப் படி, ஐந்து நாளும் முதல் பைக்கை ஓட்டியது அவன்தான். அடிப்பதென்றால் இரண்டு பேரையும் சேர்த்து அடி. அதற்கு முன்னால் ஒன்று மட்டும் சொல்லி அனுப்பு: சேவலை அறுத்துவிட்டாயா?