மூன்றில் இரண்டு பங்கு ஞானஸ்நானம்

ஒன்றும் தெரியாத தகப்பனால் பிள்ளைக்குப் பெரிய ஆபத்து வராது. அவன் பேசாமல் ஒரு மூலையில் நிற்பான். அரைவாசி தெரிந்த தகப்பனுக்குத்தான் பயப்பட வேண்டும். என் மகள் ரெபேக்கா பிறந்த புதிதில் திருகோணமலையிலேயே பெரிய அரைவாசி நான்தான்.

என் வேலையும் அதற்குத் தோதாக அமைந்திருந்தது. துறைமுகத்துப் பண்டசாலை ஒன்றில் பாதுகாப்பு அலுவலர். (துவக்குப் பிடிக்கிற பாதுகாப்பு இல்லை. தலைக்கவசத்தைப் போடு, ஏணியில் நின்றுகொண்டு போனில் கதைக்காதே என்று ஆட்களுக்குப் பின்னால் அலைகிற பாதுகாப்பு.) எதைப் பார்த்தாலும் அதனால் வரப்போகும் விபத்துத்தான் முதலில் என் கண்ணில் படும். கல்யாணம் பேசப் போன அன்றே டிலானியின் வீட்டு மின்விசிறி ஆடுகிறது என்று எழும்பி இடம் மாறி இருந்தவன் நான். அதைப் பார்த்த பிறகும் அவள் என்னைக் கட்டினாள். அது அவளுடைய துணிவு.

பிள்ளை பிறந்து சில நாட்களில் எங்கள் பகுதி மருத்துவமாது வீட்டுக்கு வந்தார். ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர் ஒரு சொட்டும் வேண்டாம் என்றார். பாலிலேயே பிள்ளைக்கு வேண்டிய தண்ணீர் இருக்கிறதாம். வெயில் கூடினால் பாலைத்தான் அடிக்கடி கொடுக்க வேண்டுமாம். பிள்ளையின் வயிறு சின்னது, அதைத் தண்ணீரால் நிரப்பினால் பாலுக்கு இடமிராது, சுத்தமில்லாத தண்ணீரால் வயிற்றோட்டமும் வரும் என்று பொறுமையாக விளக்கினார். டிலானி தலையாட்டினாள். நான் மட்டும், கூடுதலாகக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று கேட்டேன். உடம்பிலுள்ள உப்பின் அளவு குறைந்து பிள்ளை சோர்ந்துபோகும், மயக்கமாகக் கிடக்கும், சிலவேளை வலிப்பும் வரலாம் என்றார். அதற்குப் பிறகு அவர் தடுப்பூசியைப் பற்றியும் ஏதோ சொன்னாராம். என் காதில் விழவில்லை. நான் வலிப்பிலேயே நின்றுவிட்டேன்.

அடுத்த நாள் வேலைத்தலத்தில் ஓர் அறிவித்தல் அடித்தேன். மஞ்சள் நிறப் பின்னணியில் சிவப்பு எழுத்து: "ஆறு மாதம் முடியும்வரை தண்ணீர் கொடுக்கத் தடை." பண்டசாலையில் இரசாயனப் பொருள் வைக்கும் அறைக்கு ஒட்டுகிற அதே அளவு. ஒன்றைத் தொட்டிலுக்கு மேலும் மற்றொன்றைக் குசினிக்குள்ளும் ஒட்டினேன். பிள்ளை பார்க்க வந்தவர்கள் பிள்ளையை விட்டுவிட்டு அறிவித்தலைப் பார்த்தார்கள்.

ரெபேக்காவுக்கு இரண்டரை மாதம் ஆனபோது ஞானஸ்நானத்துக்கு, அதாவது கோயிலில் திருமுழுக்குக்கு, நாள் குறித்தோம். அதற்காக மூதூரிலிருந்து சின்னம்மா வந்து சேர்ந்தார். என் தாயின் தங்கை. அம்மா இறந்த பிறகு தன் பிள்ளைகளோடு சேர்த்து என்னையும் வளர்த்தவர். அவர் வந்த நேரம் கச்சான் என்கிற வறண்ட மேல்காற்று அடித்துக்கொண்டிருந்தது. கச்சான் அடித்தால் திருகோணமலையில் கடலைப் பார்த்தாலும் தாகம் எடுக்கும். சின்னம்மா தொட்டிலுக்கு மேலிருந்த அறிவித்தலை எழுத்துக் கூட்டாத குறையாக மெல்ல வாசித்து முடித்தார்.

"நீ பிறந்த மூண்டாம் நாளே நான் உனக்குச் சீனித் தண்ணி பருக்கினனான். உனக்கு என்ன நடந்தது?" என்றார்.

(டிலானி என்னை ஒரு தரம் மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.)

நான் உப்பு, சோர்வு, வலிப்பு என்று ஒரு பாதுகாப்புப் பயிற்சி வகுப்பே நடத்தினேன். சின்னம்மா எல்லாவற்றுக்கும் ஓம் என்றார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சின்னம்மா ஒரு விஷயத்துக்கு உடனே ஓம் சொன்னால் அவர் வேறு ஏதோ தீர்மானித்துவிட்டார் என்று அர்த்தம். அன்று மத்தியானமே, எங்களுக்கே நா வறளுது, இந்தப் பச்சை மண் எப்படித் தாங்கும் என்று யன்னலைப் பார்த்துக் கதைத்துக்கொண்டிருந்தார். நான் வேலைக்கு லீவு போட்டேன். காரணம் கேட்டவர்களிடம் திருமுழுக்கு ஆயத்தம் என்றேன். உண்மையில் நான் ஆயத்தம் செய்ததெல்லாம் சின்னம்மா எந்த அறைக்குள் போகிறார், கையில் என்ன இருக்கிறது என்று பார்த்ததுதான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. விடிய எல்லோரும் குளித்து உடுத்திக்கொண்டிருந்த நேரம். பிள்ளை கிடந்த அறைக்குள்ளிருந்து சின்னம்மா வெளியே வந்தார். ஒரு கையில் தம்ளர், மற்றக் கையில் கரண்டி. என்னைக் கண்டதும் இரண்டையும் சேலைத் தலைப்புக்குள் மறைத்தார். என்னவென்று கேட்டேன். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்த் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். தடயம் அழிந்தது.

டிலானியிடம் சொல்லலாமென்றால் அவளைச் சுற்றி நாலு பேர் சேலை கட்டிவிட்டுக்கொண்டிருந்தார்கள். கோயிலுக்குப் போகும் வழி முழுவதும் நான் பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டு போனேன். ரெபேக்கா கொட்டாவி விட்டாள். சோர்வு என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

அன்று எங்கள் பிள்ளையோடு சேர்த்து நாலு பிள்ளைகளுக்குத் திருமுழுக்கு. சடங்கு தொடங்கும்முன் டிலானி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்குள் போய்விட்டு வந்தாள். அவள் திரும்பி வந்தபோது பிள்ளை அசையாமல் கிடந்தது. முதல் பிள்ளையின் தலையில் தண்ணீர் பட்டதும் அது கோயில் கூரை அதிரக் கத்தியது. இரண்டாவது, தண்ணீர் படுவதற்கு முன்பே கத்தியது. மூன்றாவது, திருமுழுக்குக் கொடுத்த சுவாமியின் கண்ணாடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு கத்தியது. அந்தச் சத்தத்துக்குள் எங்கள் பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை. சோர்வு முடிந்தது, இது மயக்கம். அடுத்தது என்னவென்று எனக்குத் தெரியும்.

எங்கள் முறை வந்தது. டிலானி பிள்ளையை ஏந்திப் பிடித்தாள். ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று தரம் ஊற்றினால்தான் திருமுழுக்கு முடியும். சுவாமி முதல் தரம் தண்ணீர் ஊற்றினார். ரெபேக்கா அசையவில்லை. இரண்டாம் தரம் ஊற்றினார். தண்ணீர் நெற்றியால் வழிந்து காதுக்குள் போனது. அதற்கும் அசைவில்லை. நான் மெல்லக் குனிந்து "ரெபேக்கா" என்றேன். இமை ஆடவில்லை.

பண்டசாலையில் நான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம், ஆபத்து என்றால் முதலில் ஆளை அப்புறப்படுத்து என்பது. சுவாமி மூன்றாம் தரம் தண்ணீர் அள்ளுவதற்குள் நான் டிலானியின் கையிலிருந்து பிள்ளையைப் பறித்தேன். பறித்துவிட்டுச் சின்னம்மாவைத் திரும்பிப் பார்த்துக் கேட்டேன்:

"சின்னம்மா, உண்மையைச் சொல்லுங்கோ. பிள்ளைக்கு எவ்வளவு தண்ணி குடுத்தனீங்கள்?"

நான் கேட்டது அவரிடம் மட்டும்தான். ஆனால் சுவாமியின் அங்கியில் குத்தியிருந்த மைக் என் வாய்க்குப் பக்கத்தில் இருந்தது. கேள்வி கோயிலுக்குள்ளும், வெளியே மரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கியிலும், அதற்கப்பால் மீன் சந்தை வரையிலும் போனது. சின்னம்மாவின் முகம் வெளிறியது. நான் பதிலுக்கு நிற்கவில்லை. ஓடினேன்.

வாசலில் ஓர் ஓட்டோ நின்றது. நான் ஏறி இருக்கவும் மறுபக்கத்தால் சின்னம்மா ஏறி இருந்தார். முழங்கால் நோ என்று வீட்டுப் படியையே பிடித்துப் பிடித்து ஏறுகிறவர் எப்படி அந்த நேரத்துக்குள் வந்தார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. நான் பிள்ளையை இரண்டு கையாலும் ஒரு பார்சலைப் போல ஏந்தியிருந்தேன். பிள்ளையின் தலை அங்குமிங்கும் ஆடியது.

"இஞ்ச தா. பிள்ளையைப் பிடிக்கத் தெரியேல்லை, என்னில பழி போட மட்டும் தெரியுது" என்றார்.

குற்றவாளியின் கையிலேயே பிள்ளையைக் கொடுக்க வேண்டியதாயிற்று. வேறு வழியில்லை. அவர் பிடித்ததும் தலை ஆடுவது நின்றது. ஓட்டோக்காரர் கிண்ணியாவைச் சேர்ந்தவர். கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பினார். சந்தியைத் தாண்டியதும் ரோட்டுக்குக் குறுக்கே மான்கள். திருகோணமலை மான்களுக்கு அவசரம் என்றால் என்னவென்று தெரியாது. ஒன்று கடதாசிப் பை ஒன்றைச் சப்பிக்கொண்டு நடு ரோட்டில் நின்று எங்களை ஆராய்ந்தது. ஹோர்ன் அடித்தார். காதை மட்டும் ஆட்டியது. நான் இறங்கிப் போய் அதைக் கும்பிட்டேன். (கோபத்தில் அல்ல. உண்மையாகவே கும்பிட்டேன்.) கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு வழிவிட்டது.

ஏறி இருந்ததும் சின்னம்மாவிடம் மறுபடியும் கேட்டேன். இந்தமுறை கெஞ்சினேன். ஒரு கரண்டியோ, அரைத் தம்ளரோ, அளவு தெரிந்தால் டொக்டருக்கு உதவியாக இருக்கும் என்றேன். சின்னம்மா என்னைப் பார்க்கவில்லை. பிள்ளையின் நெஞ்சில் கையை வைத்தபடி, தான் ஒரு சொட்டும் கொடுக்கவில்லை என்று மட்டும் சொன்னார். அவருடைய கண்ணால் தண்ணீர் வழிந்தது. என்னை வளர்த்த காலத்தில் ஒருநாளும் நான் காணாத தண்ணீர் அது. ஆனாலும் அந்தக் கரண்டி கண்ணுக்குள்ளேயே நின்றது.

"பயப்படாதீங்க சேர். பிள்ளை நல்லா மூச்சு விடுது, வயிறு ஏறி இறங்குது பாருங்க" என்றார் ஓட்டோக்காரர். நான் பார்த்தேன். ஏறி இறங்கியது. எனக்கு வலிப்பு மாதிரித்தான் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் இளம் பெண் டொக்டர் ஒருவர் பிள்ளையை வாங்கிக் கட்டிலில் கிடத்தினார். காய்ச்சல் பார்த்தார். உச்சிக்குழியைத் தடவினார். கடைசியாகப் பால் குடித்தது எப்போது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கடைசியாகச் சிறுநீர் கழித்தது எப்போது என்று கேட்டார். அதுவும் தெரியவில்லை. தண்ணீரின் ஆபத்துகள் மட்டும் எனக்கு வரிசையாகத் தெரியும். அவற்றை ஒப்புவித்தேன். டொக்டர் கேட்டுக்கொண்டே ரெபேக்காவின் உள்ளங்காலை விரலால் சுண்டினார்.

ரெபேக்கா கண்ணைத் திறந்தாள். டொக்டரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். முந்தின மூன்று பிள்ளைகளும் சேர்ந்து கத்தியதைவிடக் கூடுதலாகக் கத்தினாள். கத்திக்கொண்டே கட்டில் விரிப்பு நனையச் சிறுநீரும் கழித்தாள்.

"எழுப்ப ஏலாமல் கிடந்தால் உடனே கொண்டுவரத்தான் வேணும், அதில பிழையில்லை" என்றார் டொக்டர். "ஆனால் நீங்கள் எழுப்பிப் பாத்தனீங்களோ?"

பேர் சொல்லிக் கூப்பிட்டேன் என்றேன். எப்படிக் கூப்பிட்டீர்கள் என்று கேட்டார். கூப்பிட்டுக் காட்டினேன். அது ஒரு கிசுகிசுப்பு. நித்திரைப் பிள்ளைக்குப் பக்கத்தில் யாரும் சத்தம் போடக்கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டவன் நான். அந்தச் சட்டத்தை மீற எனக்கே துணிவு வரவில்லை.

அந்த நேரம் வெளியே மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. வெள்ளை அங்கியோடு சுவாமி வந்து நிறுத்தினார். பின்னால் பட்டுச்சேலையை முழங்காலுக்குச் செருகியபடி டிலானி. ஓடி வந்தவள் பிள்ளையைத் தூக்கி அணைத்துக்கொண்டாள். பிறகுதான் கதை வெளியே வந்தது. இரவு முழுவதும் விருந்தாட்களின் சத்தத்தில் பிள்ளை தூங்கவில்லையாம். சடங்கின்போது அழக்கூடாதென்று பக்கத்து அறையில் வயிறு நிறையப் பால் கொடுத்தாளாம். திடுக்கிடாமல் இருக்க, இளஞ்சூட்டுத் தண்ணீர் வைக்கச் சொல்லி முதல்நாளே சுவாமியிடம் கேட்டிருந்தாளாம். மற்றப் பிள்ளைகளும் அதே தண்ணீருக்குத்தான் கத்தின. எங்கள் பிள்ளைக்கு அது தாலாட்டாகிவிட்டது.

பிள்ளைக்கு ஏதும் ஆபத்து உண்டா என்று சுவாமி டொக்டரிடம் கேட்டார். இருந்தால் மிச்சத்தை இங்கேயே முடித்துவிடுவதாகச் சொன்னார். ஒன்றுமில்லை என்றார் டொக்டர். அப்படியென்றால் பின்னேரம் கோயிலில் முதலிலிருந்து தொடங்குவோம், தகப்பன் வெளியே நிற்கட்டும் என்றார் சுவாமி.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கடைசிப் பிடியாக அந்தத் தம்ளரையும் கரண்டியையும் பற்றிச் சொன்னேன். சின்னம்மா நிலத்தைப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "அது எனக்கு. இனிப்பான ரின்பால் விட்ட தேத்தண்ணி. சீனி கூடாதெண்டு நீ கத்துவாயெண்டுதான் பிள்ளையின்ர அறைக்குள்ள ஒளிச்சுக் குடிச்சனான்."

டொக்டர் பேனையை வைத்தார். உங்களுக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, இருக்கா அம்மா என்று கேட்டார். மருந்து எடுக்கிறீர்களா என்று கேட்டார். கச்சான் தொடங்கிய நாளிலிருந்து தாகம் தாங்க ஏலாமல் இருக்கிறது என்று சின்னம்மா சொன்னதும், விரலைக் குத்தி இரத்தத்தில் சீனியின் அளவைப் பார்த்தார். பார்த்துவிட்டு அவருடைய முகம் மாறியது. நல்ல காலம் இன்றைக்கே வந்தீர்கள் என்றார். பிள்ளையைக் கொண்டு போகலாம், அம்மா இங்கே நிற்கட்டும் என்றார். நோயாளி என்று நான் தூக்கி ஓடியது வீட்டுக்குப் போக, துணைக்கு வந்தவர் வாட்டுக்குப் போனார்.

அன்று பின்னேரத் திருமுழுக்குக்கு நான் போகவில்லை. (வெளியே நிற்கச் சொன்னதால் மட்டுமல்ல.) வாட்டில் சின்னம்மாவின் கட்டிலருகே கதிரையில் இருந்தேன். கனநேரம் அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மன்னிப்புக் கேட்டேன். மீன் சந்தை வரைக்கும் கேட்டதாமே என்றார். ஓம் என்றேன். பிறகு அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்து எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

ரெபேக்கா இப்போது வளர்ந்து முதல் நன்மைக்கு, அதாவது முதன்முதலாக நற்கருணை வாங்க, ஆயத்தமாகிறாள். ஏதாவது குழப்படி செய்து பிடிபட்டால், முதல் தரம் தன்னை மூன்றில் இரண்டு பங்குதான் கழுவினார்கள் என்கிறாள். எங்கள் சொந்தத்தில் யாருக்குத் திருமுழுக்கு நடந்தாலும் எனக்கு இரண்டு பக்கமும் பலசாலிகளை இருத்துகிறார்கள். போன மாதம் சின்னம்மாவின் பேரனுக்கு நடந்தது. வந்திருந்தவர் புதிய சுவாமி. என்னை அவருக்குத் தெரியாது என்றுதான் நம்பியிருந்தேன். அவர் பிள்ளையின் தலைக்கு மேல் கிண்ணத்தைப் பிடித்தபடி நிமிர்ந்து, நான் இருந்த வரிசையைத் தேடிப் பிடித்து, மைக்கில் நிதானமாகச் சொன்னார்:

"பயப்படவேண்டாம். இந்தத் தண்ணீர் தலைக்கு மட்டும்தான்."