ஹெட்லைட்டுக்கு வைத்த திருஷ்டிப் பொட்டு

அறிவு இருந்தால் மட்டும் போதாது, அது மாமியார் வீட்டுக்குத் தெரிந்தாக வேண்டும் என்று ஒரு மாப்பிள்ளைக்குத் தோன்றிவிட்டால், அவனைப் பிடித்துத் தூணில் கட்டிப்போடுவது நல்லது. தொண்ணூறுகளின் நடுவில், புனேயில், என்னை யாரும் கட்டிப்போடவில்லை.

திருநெல்வேலியிலிருந்து பி.எஸ்ஸி. இயற்பியல் பட்டத்தோடு வந்து இறங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வேலை தேடிக்கொண்டிருந்தேன். (அதாவது, கசார்வாடியில் மாமனார் வீட்டில் மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.) மாமா கல்யாணங்களுக்குச் சமைத்துக் கொடுப்பவர். வீட்டுப் பின்பக்கம் விறகடுப்பில் வெந்த இட்லியும் சாம்பாரும் ஒரு பழைய வேனில் ஏறி மண்டபங்களுக்குப் போகும். அந்த வேனில் ஒரு ஹெட்லைட் ஃப்யூஸ் போயிருந்தது.

எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடலாம் என்றார் மாமா. ஒளியியலில் முதல் வகுப்பு வாங்கியவன் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது எலக்ட்ரீஷியனா? எனக்கு ரோஷம் வந்துவிட்டது. புது பல்பை விரல் படாமல் கைக்குட்டையால் பிடித்து, பச்சைக் குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல உள்ளே வைத்து, ஒரு மதியம் முழுவதும் மல்லுக்கட்டி மாட்டினேன். எரிந்தது. எனக்கே ஆச்சரியமாகத்தான் இருந்தது.

கண்ணாடியைத் துடைக்கும்போதுதான் அதைப் பார்த்தேன். இரண்டு ஹெட்லைட்டுகளிலும் நட்டநடுவில் கறுப்பாக, வட்டமாக ஒரு பொட்டு. தூக்கிவாரிப் போட்டது. அத்தை வாசலில் பூசணிக்காய் கட்டியிருந்தார், கிரைண்டருக்கு எலுமிச்சம்பழம் கட்டியிருந்தார், கல்யாணமான மறுநாள் எனக்கே உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஆனால் வெளிச்சம் வருகிற கண்ணாடியிலேயே திருஷ்டிப் பொட்டா?

பிளேடும் மண்ணெண்ணெயும் எடுத்து இரண்டையும் சுரண்டித் தள்ளினேன். அதோடு விட்டிருக்கலாம். அத்தையைக் கூப்பிட்டு நிற்க வைத்து, அவருடைய கோலமாவாலேயே தரையில் ஒளிக்கதிர்கள் வரைந்து, மூடநம்பிக்கை நாட்டை எப்படிக் கெடுக்கிறது என்று விளக்கினேன். என் மனைவி செல்வி ஜன்னல் வழியே என்னைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினாள். நான் நாட்டைத் திருத்துவதில் மும்முரமாக இருந்தேன்.

"நான் வைக்கலியே மாப்ளே" என்றார் அத்தை.

நான் சிரித்தேன். குற்றவாளிகள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

"வச்சது யாரோ, அழிச்சது நீங்க. எதுக்கும் பாத்துப் போங்க" என்று சொல்லிவிட்டு அவர் மாவு கரைக்கப் போய்விட்டார்.

மறுநாள் விமான் நகரில் கல்யாணம். அந்தப் பக்கத்தில் மாமாவுக்குக் கிடைத்த முதல் பெரிய கல்யாணம் அது. முகூர்த்தத்துக்கு முன்னால் பந்தி போட்டாக வேண்டும், தவறினால் அந்த வட்டாரத்தில் இனி யாரும் அவரைக் கூப்பிட மாட்டார்கள். மாமா முந்தின சாயங்காலமே மண்டபத்துக்குப் போய்விட்டார். விடியற்காலையில் சூடான இட்லியையும் சாம்பார் அண்டாவையும் ஏற்றிக்கொண்டு நானும் அத்தையும் கிளம்பினோம். ஜனவரி மாதத்துப் பனி. ஹை பீம் போட்டேன். என் கைவண்ணத்தில் ரோடே பட்டப்பகல் மாதிரி இருந்தது.

ஏரவாடாவில் அந்த வெளிச்சத்துக்குள் ஒரு போலீஸ்காரர் வந்தார். கண்ணைப் பொத்திக்கொண்டு வந்தார்.

ஹெட்லைட்டைக் காட்டி, விரல்களை வட்டமாகச் சேர்த்து, கறுப்புப் பொட்டு எங்கே என்று இந்தியில் கேட்டார். எனக்குத் தெரிந்த இந்தி மிகக் குறைவு, ஆனாலும் இது புரிந்துவிட்டது. எனக்குப் பேச்சே வரவில்லை. அத்தையை விடுங்கள், மகாராஷ்டிர அரசாங்கமே திருஷ்டிப் பொட்டு கேட்கிறதா?

பேச்சு வந்தபோது ஆங்கிலத்தில் வந்தது. சட்டத்தைக் காக்கவேண்டிய நீங்களே மூடநம்பிக்கையை வளர்க்கலாமா என்று ஆரம்பித்து நீளமாகப் பேசினேன். அவருக்கு முக்கால்வாசி புரியவில்லை. கால்வாசி புரிந்ததுதான் வினையாகிவிட்டது. சாவியை உருவிக்கொண்டு, வண்டியை ஓரங்கட்டச் சொல்லிவிட்டார்.

கெஞ்சினேன், கும்பிட்டேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. பின்னால் இட்லி ஆறிக்கொண்டிருந்தது. மாமாவின் முகம் கண்ணுக்கு முன் வந்து நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. (பனியில் கண் கரித்தது என்றுதான் வீட்டில் சொல்லியிருக்கிறேன்.)

அத்தை இறங்கி வந்தார். "என்ன கேக்காரு?"

"பொட்டு" என்றேன். மூன்றெழுத்துச் சொல்லை அவ்வளவு கஷ்டப்பட்டு நான் சொன்னதே இல்லை.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. நம்ம ஊர் போலீஸ்கூட இவ்வளவு அக்கறையாகக் கேட்காது என்றார். வண்டிக்குள் ஏறி, சாம்பார் அண்டாவின் அடியில் அப்பியிருந்த கரியை வழித்து, நல்லெண்ணெயில் குழைத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு ஹெட்லைட்டிலும் கட்டைவிரலால் அழகாக ஒரு வட்டம் வைத்தார். போலீஸ்காரர் குனிந்து பார்த்துத் தலையாட்டினார்.

அத்தை விரலைப் பார்த்தார். கரி மிச்சமிருந்தது. நேரே என்னிடம் வந்து இடது கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தார்.

"கண்ணு பட்டது வண்டிக்கு இல்ல மாப்ளே."

போலீஸ்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். சாவி கைக்கு வந்தது.

கடைசி நிமிடத்தில் போய்ச் சேர்ந்தோம். பந்தி நடந்தது, மாமாவின் பெயரும் பிழைத்தது. எல்லாம் ஓய்ந்தபிறகு மாமா சொன்னார்: எதிரே வருகிறவன் கண் கூசக் கூடாது என்பதற்காக வைப்பதாம் அந்தப் பொட்டு. போன வருஷம் சிக்னலில் நிறுத்தி, பெயிண்ட் டப்பாவோடு போலீஸ்காரர்களே வைத்துவிட்டார்களாம். அது ஒளியியல். நான் முதல் வகுப்பு வாங்கிய பாடம்.

கன்னத்தில் கரியோடுதான் பந்தி முழுவதும் பரிமாறியிருக்கிறேன் என்பது அதற்கப்புறம்தான் தெரிந்தது. ஒருவரும் சொல்லவில்லை. அந்தக் கல்யாண ஆல்பத்தில், சாம்பார் வாளியும் பொட்டுமாக இன்றும் நிற்கிறேன்.

உண்மைக் காரணத்தை அத்தைக்கு எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டோம். அவர் நம்புவதாக இல்லை. திருஷ்டி இல்லையென்று யாராவது பேசினால், "கவர்மெண்டே பொட்டு வைக்கச் சொல்லுது, எங்க மாப்ளைட்ட கேளுங்க" என்று என்னைத்தான் சாட்சிக்கு இழுப்பார். என்னால் மறுக்கவும் முடிவதில்லை.

சமீபத்தில் என் மகள் கார் வாங்கினாள். அத்தை கண்மை டப்பாவோடு வந்தார். ஹெட்லைட்டில் எதற்கு அதெல்லாம் என்று மகள் ஒளிக்கதிரைப் பற்றி ஏதோ ஆரம்பித்தாள். நான் அவளை நகரச் சொல்லிவிட்டு, முன்னால் போய் இடது கன்னத்தைக் காட்டினேன்.