களிப்பானையைக் கடலுக்குக் கொடுத்த நாள்

கடலைக் காண்பதற்கு முன்பே மூன்று ஆண்டுகள் கடலைப் பற்றிப் பாடம் நடத்தியவன் நான். இதை ஒப்புக்கொள்வதில் இப்போது எனக்கு வெட்கமில்லை. நான் மறைத்தாலும் என் மனைவி சொல்லிவிடுவாள் (அவள் சொன்னால் கதை இன்னும் கால்மணி நேரம் நீளும்). ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் பிற்பகுதியில் பென்னாகரத்துப் பள்ளியொன்றில் தமிழாசிரியனாக இருந்தேன். கரும்பலகையில் நெடுக ஒரு கோடு கிழித்து, "இக்கோட்டிற்கு இப்புறம் நிலம், அப்புறம் கடல்!" என்று முழங்குவேன். மாணவர் எவரும் மறுத்ததில்லை. அவர்களும் கடலைப் பார்த்தவர்கள் அல்லர்.

அக்காலத்தில்தான் கடலூரில் உள்ள ஓர் உயர்நிலைப் பள்ளியிலிருந்து எனக்குப் பணி நியமன ஆணை வந்தது. எனக்குத் திருமணமாகி ஆறு திங்களே ஆகியிருந்தன. மனைவி முத்தம்மாளை உடன் அழைத்துச் செல்லும் எண்ணத்தோடு, காரிமங்கலத்தில் புளியும் ராகியும் விளைவித்துவந்த என் மாமனாரிடம் சென்றேன். அவர் செய்தியைப் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். இசைவின் ஆட்டம் அன்று அது.

"நீங்க போங்க மாப்ளே, வேணாங்கல. எம் பொண்ணு எங்க வூட்டுலயே இருக்கட்டும். அவ்ளோ பெரிய தண்ணி ஓரத்துல புள்ளய வுட்டுட்டு நான் இங்க எப்படித் தூங்கறது?"

"மாமா, ஆண்டுதோறும் பெருகிக் கரையுடைக்கும் ஆற்றைவிடக் கடல் ஒழுக்கமானது. தன் எல்லையை அது ஒருபோதும் மீறுவதில்லை."

"அதை நீங்க பாத்திருக்கீங்களா?"

"படித்திருக்கிறேன்."

மாமனார் மாமியாரைப் பார்த்தார். மாமியார் வானத்தைப் பார்த்தார். இறுதியில், நால்வரும் நேரில் சென்று கடலைக் கண்டுவருவது என்று முடிவாயிற்று. மாமனார் விதித்த நிபந்தனை ஒன்றே: "ரெண்டு நாளு எங்கள பட்டினி போடாம, பத்தரமா கூட்டிக்கிட்டுப் போயிட்டு வாங்க. பொண்ணை அனுப்பறேன். இல்லீன்னா, பேச்சை அத்தோட வுட்டுருங்க."

இல்லறமே இரண்டு நாள் பயணத்தில் தொங்கியது. ஆயினும் நான் அஞ்சவில்லை. என் சம்பளத்துக்கு ஏற்ற திட்டம் ஒன்றை நுணுக்கமாக வகுத்தேன். தங்குவதற்குக் கட்டணமில்லாச் சத்திரம். காண்பதற்குக் கட்டணமில்லாக் காட்சிகள். உண்பதற்கு வீட்டிலிருந்தே கொண்டுசெல்லும் ராகிக்களி. உணவு விடுதியின் வாயிலையும் மிதிப்பதில்லை என்று சூளுரைத்தேன். மாமியார் களி உருண்டைகளை மோரில் ஊறவிட்டு, பெரிய மண்பானையின் வாயைத் துணியால் இறுகக் கட்டித் தந்தார். மொரப்பூரில் புகைவண்டி ஏறியது முதல், சேலத்தில் மாறி, விருத்தாசலம் கடந்து கடலூர் சேரும்வரை அப்பானை மாமனாரின் மடியிலேயே பயணம் செய்தது. அவர் பேத்தி பேரன்களைக்கூடப் பிற்காலத்தில் அவ்வளவு நேரம் மடியில் வைத்திருந்ததில்லை.

சத்திரத்தில் மாலைக்கு மேல்தான் இடம் கிடைக்கும் என்றார்கள். எனவே பானையோடு நேரே கடற்கரைக்குச் சென்றோம். முதன்முதலாக நான் கடலைக் கண்டேன். கரும்பலகையில் நான் கிழித்த கோடு இதில் இல்லை என்பதைக் கண்ட உடனேயே உணர்ந்திருக்க வேண்டும். உணரவில்லை.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. களி புளித்துப் பொங்கிவிடுமோ என்று மாமியார் கவலைப்பட்டார். எங்கள் பக்கத்தில் இதற்கு எளிய வழி உண்டு. ஆற்றங்கரைக்கு வண்டி கட்டிப் போகும் எவரும் செய்வதுதான்: நீரோரத்து ஈரமணலில் குழி பறித்துப் பானையைக் கழுத்தளவு புதைத்து, மேலே ஈரமணலை மூடி, ஒரு குச்சியை நட்டுவிட்டுக் குளிக்கப் போவோம். திரும்பி வந்தால் களி குளிர்ந்திருக்கும். அதையே இங்கும் செய்யலாம் என்றேன். நல்ல ஈரமான இடம் வேண்டுமே என்று, அலையின் நுனியிலிருந்து நாலே முழத்தில் இடம் தேர்ந்தேன். மாமனாரின் சிவப்புத் துண்டைக் குச்சியில் கட்டிக் கொடிபோல் நாட்டினேன்.

சற்றுத் தள்ளிக் கருவாடு உலர்த்திக்கொண்டிருந்த காத்தாயி என்னும் அம்மையார் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"யோவ் சாமி! இன்னாத்த பொதைக்கிற அங்க? தண்ணி ஏறுமய்யா. மேல வந்து வை."

நான் திரும்பி நின்றேன். வேட்டியைச் சரிசெய்துகொண்டேன். "அம்மையே, கடலைப் பற்றி மூன்று ஆண்டுகளாகப் பாடம் நடத்திவருகிறேன்" என்றேன்.

"அப்படியா?" என்றார் அவர். "நான் பொறந்ததுலேருந்து இங்கதான் கீறேன். செரி, உன் இஷ்டம்." மீண்டும் கருவாட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பின்னர் என் திட்டம் மிகச் சிறப்பாகவே நடந்தது. இடிந்த கோட்டைச் சுவரைப் பார்த்தோம் (கட்டணமில்லை). கட்டுமரங்கள் கரையேறுவதைப் பார்த்தோம் (கட்டணமில்லை). தொலைவில் ஒரு கப்பல் நின்றது. அதன் நீளம், அகலம், பயன் ஆகியவற்றை எதுவும் அறியாமலேயே விளக்கினேன் (இதற்கும் கட்டணமில்லை). முத்தம்மாள் மடிநிறையச் சிப்பி பொறுக்கினாள். மாமனாரே ஒருமுறை கணுக்கால் நனைய நின்று, "பரவால்லிங்க மாப்ளே, காத்து நல்லாத்தான் இருக்குது" என்றார். நான் பாதி வென்றுவிட்டேன். பசி வந்தது. திரும்பினோம்.

"ஏங்க, துண்டு கட்டின குச்சி எங்கிங்க?" என்றாள் முத்தம்மாள்.

நான் பார்த்தேன். குச்சி இருந்த திசையில் கடல் இருந்தது. காலையில் நாங்கள் நின்ற இடம், உட்கார்ந்த இடம், நான் சொற்பொழிவாற்றிய இடம் அனைத்தின்மீதும் அலைகள் வந்து புரண்டு போயின. ஆற்றோரமாயின் அடையாளத்துக்கு ஒரு பாறையாவது இருக்கும். இங்கோ, இப்பக்கமும் மணல், அப்பக்கமும் மணல்.

மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் நீரில் இறங்கித் தோண்டத் தொடங்கினார். நானும் தோண்டினேன். ஒரு கை மணலை அள்ளினால் அலை இரு கை மணலைக் கொண்டுவந்து கொட்டியது. மாமியார் கரையில் நின்று, "அந்தப் பக்கங்க! இல்லைங்க, இந்தப் பக்கங்க!" என்று இரு திசையையும் காட்டினார்.

வலை உலர்த்திக்கொண்டிருந்த இளைஞர் சிலர் ஓடிவந்தனர். "இன்னாய்யா தேடுறீங்க? இன்னா பொருளு?"

உண்மை சொல்ல நா எழவில்லை. உயர்நிலைப் பள்ளி ஆசிரியனாகப் போகும் நான், வரப்போகும் ஊரின் முதல் உரையாடலில் "களி" என்று எப்படிச் சொல்வேன்? "எங்களுக்கு மிக மிக இன்றியமையாத ஒன்று" என்றேன்.

இளைஞர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். அடுத்த கணம் சட்டைகள் கழன்றன. ஐவர் பதின்மராயினர், பதின்மர் முப்பதின்மராயினர். வெளியூர்க்காரர் ஒருவர் ஒரு குடம் நகையைப் புதைத்துத் தொலைத்துவிட்டாராம் என்று கரையெங்கும் பேச்சுப் பரவியது. ஒருவர் வலையையே கொண்டுவந்து அரித்தார். மாமனார் நீரில் குனிந்தபடியே என் காதருகே வந்தார்.

"சொல்லிருங்க மாப்ளே. களின்னு சொல்லிருங்க."

"இத்தனை பேர் தோண்டிய பிறகு எப்படி மாமா சொல்வது?"

"அப்ப கெடைக்காம போவட்டும்னு வேண்டிக்குங்க."

வேண்டினேன். பலிக்கவில்லை. "ஆப்டுச்சு! ஆப்டுச்சு!" என்று ஒரு கூவல் எழுந்தது. பானை நால்வர் கைகளில் கரையேறி வந்தது. ஊர்ப்பெரியவர் ஒருவர் முன்வந்து, முப்பது பேர் மூச்சை அடக்கி நிற்க, பானை வாயின் துணியை அவிழ்த்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். முகர்ந்தார்.

"கேவுரு களி" என்றார்.

அந்நேரத்து அமைதி போன்ற அமைதியை என் வகுப்பில் நான் ஒருநாளும் பெற்றதில்லை. அதை உடைத்தவர் காத்தாயிதான். "இதுக்காடா வலையப் போட்டுட்டு ஓடியாந்தீங்க!" என்று இடுப்பில் கைவைத்துச் சிரித்தார். கரை முழுவதும் சிரித்தது. வலை கொண்டுவந்தவர் ஓர் உருண்டையைத் தொட்டு நாவில் வைத்துப் பார்த்து, "உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கலு" என்று தீர்ப்புச் சொன்னார்.

நான் மாமனாரைப் பார்க்கவில்லை. பார்க்கவும் தேவையில்லை. நிபந்தனை பட்டினி போடாமல் இருப்பது. இரண்டு நாளைய உணவு முதல் நண்பகலிலேயே கடலோடு கலந்துவிட்டது. கடலூருக்கு நான் தனியே வருவேன், தனியே சமைப்பேன் என்று மனத்திற்குள் கணக்கு முடித்துக்கொண்டேன்.

காத்தாயியோ கணக்கு எதுவும் பார்க்கவில்லை. "பசியோட கீறாங்க பாரு. வாங்கம்மா" என்று மாமியாரின் கையைப் பிடித்து இழுத்துச் சென்று, தம் குடிசையில் எங்கள் நால்வருக்கும் சோறும் மீன்குழம்பும் படைத்தார். மாமியாரும் அவரும் புளியின் தரத்தைப் பற்றி நெடுங்காலம் பழகியவர்போல் பேசினார்கள். மாமனார் மூன்றுமுறை சோறு வாங்கி உண்டு, கைகழுவிவிட்டு என் எதிரே வந்து அமர்ந்தார்.

"மாப்ளே, பொண்ணை அனுப்பறேன்."

என் கண்கள் கலங்கின. "மாமா, என்மீது தாங்கள் வைத்த நம்பிக்கைக்கு…"

"உங்க மேலயா? நல்லா சொன்னீங்க போங்க!" என்றார். "உங்களத் தனியா வுட்டா, இருக்கற சோத்தையும் பொதைச்சிப்புட்டு, ஊரையே கூட்டித் தேடச் சொல்லுவீங்க. கூட ஒரு ஆளு வேணும். அதுக்குத்தான் அனுப்பறேன்."

முத்தம்மாள் தன் தந்தையின் முன்னிலையில் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் முதலில் கேட்டேன். நான் கேட்டது கிடைத்தது. கேட்ட காரணத்திற்காகக் கிடைக்கவில்லை, அவ்வளவே.

கடலூரில் நாங்கள் பல்லாண்டு வாழ்ந்தோம். பள்ளியில் எனக்கு எத்தனையோ பட்டங்கள் வழங்கினார்கள். கரையோரத்தில் ஒன்றே நிலைத்தது: "களி வாத்தியாரு". அன்று முதல் எப்பயணத்திலும் உணவு மூட்டை என் பொறுப்பில் வந்ததில்லை. சென்ற ஆண்டு பெயர்த்தியின் திருமணத்திற்கு வாடகை வண்டியில் ஏறும்போது, எல்லோரும் மறந்திருப்பார்கள் என்று நம்பிக் கட்டுச்சோற்றுக் கூடையை மெல்லக் கையில் எடுத்தேன். முன்பின் அறியாத வண்டி ஓட்டுநர் சட்டென்று இறங்கி வந்து, "குடுங்க பெரியவரே" என்று பணிவோடு கூடையை வாங்கித் தம் இருக்கையருகே வைத்துக்கொண்டார். அவரிடமும் சொல்லிவைத்திருக்கிறார்கள்.