டிங்கியை உயிர்ப்பிக்க வேண்டாம்

பஃபலோ, கிழக்கு வட்டாரம்
அக்டோபர் 1953

சித்திரத்தொடர்ப் பக்கத்தின் ஆசிரியரும், எங்கள் தெருவின் காலைக் காப்பி இனிப்பதும் கசப்பதும் யாருடைய கையில் இருக்கிறதோ அவருமான திரு. ஹார்லன் டட்டில் அவர்களுக்கு, யாத்விகா ஜிலின்ஸ்கி, வயது பதினைந்து, மிகுந்த மரியாதையுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் கத்தரிக்கோலும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். நாங்களும் சௌக்கியம் என்று எழுதத்தான் ஆசை. அது இனிமேல் உங்கள் கையில்தான் இருக்கிறது.

உங்கள் 'ஹாலரன்' தொடர்மேல் எனக்கு எந்தப் பகையும் இல்லை. நான் பிறந்த வருடம் தொடங்கிய தொடர் அது. என் அண்ணன் புருனோ அதை வைத்துத்தான் எழுத்துக்கூட்டப் படித்தான். அவன் வாழ்க்கையில் முதன்முதலாக வாசித்த சொல் 'பளார்'. ஹாலரன் குத்துச்சண்டை வீரர் என்று தலைப்பில் போட்டிருக்கிறதே ஒழிய, மனிதர் மேடை ஏறியதைப் பார்த்தவர்கள் எங்கள் தெருவில் குறைவு. பட்டத்துக்கான போட்டிக்குக் கிளம்புவார், போகிற வழியில் கப்பல் கவிழும், கரையேறினால் காடு, காட்டைத் தாண்டினால் நகைத்திருடன், எதிராளி பாவம் மேடையில் காத்திருந்தே நரைத்துப் போயிருப்பான். போர் வந்தபோது ஹாலரனும் பட்டாளத்தில் சேர்ந்தார், அவரை வரைந்தவரும் சேர்ந்தார். அவருக்குப் பதிலாக வரைய வந்தவருக்கு இடம் வலம் தெரியாது போலிருக்கிறது; இடக்கையால் அடித்தே பேர் வாங்கிய ஹாலரன் ஒரு திங்கட்கிழமை காலை வலக்கைக்காரராக எழுந்தார். "டேய், இவன் வேற ஆளுடா!" என்று புருனோ பல நாள் பத்திரிகையைத் தொடவில்லை, அவனும் இடக்கைக்காரன் ஆயிற்றே. பழைய ஓவியர் திரும்பி வந்ததும் கையும் திரும்பி வந்தது. இத்தனை கூத்திலும் மாறாமல் இருந்தவர் ஹாலரனின் பயிற்சியாளர், கிழவர் டிங்கி ஒருவர்தான். அதே தொப்பி, அதே பொக்கை வாய், ஹாலரன் விழும்போதெல்லாம் அதே வசனம்: "எந்திரிடா, மணி இன்னும் அடிக்கல!" அவரைப் போய் இந்தக் கோடையில் பாலத்திலிருந்து ஆற்றில் தள்ளிவிட்டீர்கள். உடல் கிடைக்கவில்லை. தொப்பி மட்டும் மிதந்தது.

புருனோ கொரியாவுக்குப் போனான். அம்மா தினமும் அந்தத் தொடரைக் கத்தரித்து அவனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் 'காணவில்லை' என்று தந்தி வந்தது. அடுத்த வருடம் 'இறந்ததாகக் கருதப்படுகிறார்' என்று இன்னொன்று. "கருதறதுக்கு இவன் யாரு?" என்று கேட்டார் அப்பா. அதோடு சரி. கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு எங்கள் போலிஷ் வீடுகளில் மேஜைமேல் ஒரு தட்டு அதிகமாக இருக்கும். வழிதவறி யாராவது வந்தால் அவருக்கு. அப்பா அதைத் தினமும் வைக்க ஆரம்பித்தார், ஜூலை வெயிலிலும். "வேண்டாங்க, பார்க்கவே முடியல" என்று அம்மா சொன்னால், "வந்து நின்னா கையிலயா வாங்கித் திம்பான்?" என்பார். அவன் ஆன்மாவுக்காகப் பூசை வைக்கலாமா என்று கேட்ட பாதிரியாரை வாசலோடு அனுப்பிவிட்டார்.

டிங்கி ஆற்றில் விழுந்த வாரம் எனக்குப் பள்ளி விடுமுறை. கை சும்மா இருந்தால் என் மூளை சும்மா இருக்காது. சவப்பெட்டிக் கடைக்காரர் மகன் ஃபெலிக்ஸும் நானும் 'டிங்கியின் இறுதி ஊர்வலம், அனைவரும் அழுக' என்று தெரு முழுக்க ஒட்டினோம். என் வயலின் பெட்டிதான் சவப்பெட்டி. (நான் வாசித்துக் கேட்டவர்கள் அது எப்போதுமே சவப்பெட்டிதான் என்பார்கள்.) உள்ளே எதையாவது வைக்க வேண்டுமே என்று புருனோவின் குத்துச்சண்டைக் கையுறைகளை எடுத்து வைத்தேன். நாலு பேர் வந்து சிரிப்பார்கள் என்று பார்த்தால், தெருவே கறுப்பு உடுத்திக்கொண்டு வந்தது. பக்கத்து வீட்டுத் திருமதி பாப்சிக் ஓர் அண்டா உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையோடு வந்து, "தினம் காலையில அந்தக் கிழவன் மூஞ்சியிலதானடி முழிச்சேன், வெறுங்கையோட வருவேனா?" என்று மூக்கைச் சிந்தினாள். சர்ச்சுக்குப் பின்னால் குழி தோண்டி, ஃபெலிக்ஸ் பாதிரியார் குரலில் முனக ஆரம்பித்தபோது, உருக்காலை வேலை முடிந்து அப்பா அந்த வழியாக வந்தார். பெட்டியைப் பார்த்தார். கையுறைகளைப் பார்த்தார். "செத்தோம்டி" என்று ஃபெலிக்ஸ் என் முதுகுக்குப் பின்னால் பதுங்கினான். அப்பா தொப்பியைக் கழற்றினார்.

"நான் ரெண்டு வார்த்தை பேசலாமா?" என்றார்.

"நல்ல பையன்" என்றார், பல்லெல்லாம் போன கிழவரைப் பற்றி. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. "அடிக்கிறப்போ தாடையைத் திறந்து விட்டுடுவான். கையைத் தூக்குடா, தூக்குடான்னு கத்துவேன். கேக்கவே மாட்டான்." முதல் பிடி மண்ணை அவர்தான் போட்டார். அன்று சாயங்காலம் மேஜையில் எங்கள் மூன்று பேருக்கும் மூன்றே தட்டுகள் இருந்தன. அதைப் பார்த்துவிட்டு அம்மா சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இப்போது நீங்கள் பெரிய எழுத்தில் விளம்பரம் போட்டிருக்கிறீர்கள்: 'டிங்கி உண்மையிலேயே இறந்துவிட்டாரா? திங்கட்கிழமை பாருங்கள்!' தொடரை வரைந்து பல வாரம் முன்கூட்டியே அனுப்பிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். அதாவது அவர் விதி இந்நேரம் உங்கள் மேஜை இழுப்பறையில் தூங்குகிறது. கடவுளுக்கும் உங்களுக்கும் ஒரே உத்தியோகம். அவர் விளம்பரம் போடுவதில்லை, அவ்வளவுதான். ஐயா, ஆற்றில் போன ஒருவர் திரும்பி வந்தால் அப்பா அந்த நாலாவது தட்டை மறுபடி வைப்பார். இந்தத் தடவை மேஜையிலிருந்து எடுக்கவே மாட்டார். தயவுசெய்து டிங்கி செத்தே இருக்கட்டும். திங்கட்கிழமை அந்த இடத்தில் சோப்பு விளம்பரம் போடுங்கள்.

தங்கள் வீட்டார் அனைவருக்கும் என் வணக்கம். காணாமல் போனதைத் தேடித் தரும் புனித அந்தோணியார் தங்களுக்குத் துணையிருப்பாராக. எங்கள் வீட்டில் அவருக்கு இப்போது வேலையில்லை.

இப்படிக்கு,
பணிவுடன் (பள்ளியில் விசாரிக்க வேண்டாம்),
யாத்விகா ஜிலின்ஸ்கி

பின்குறிப்பு: தபால்தலை தேடுவதற்குள் திங்கட்கிழமை வந்துவிட்டது. டிங்கி சொட்டச் சொட்ட மரக்கிளையைப் பிடித்துத் தொங்குகிறார். நான் பத்திரிகையை ஒளிப்பதற்குள் அப்பா பார்த்துவிட்டார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "படுபாவிக் கிழவனுக்கு நீச்சல் தெரிஞ்சிருக்கு பாரு!" என்று சிரித்தார். சாயங்காலம் நான் பயந்தபடியே நாலாவது தட்டை எடுத்து வைத்தார். அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். "அவனுக்கு இல்லம்மா" என்றார் அப்பா. "அவன் வரமாட்டான். இது அந்தக் கிழவனுக்கு. ஆத்துல ஊறி வந்திருக்கான், பசிக்கும்ல?" அம்மா பரிமாறினாள்.

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடவும். டிங்கியை இனி நீங்கள் தொடக்கூடாது. அவருக்கு முட்டைக்கோஸ் ஒத்துக்கொள்ளுமா என்று ஓவியரிடம் கேட்டு எழுதவும். அப்பா விசாரிக்கச் சொன்னார்.